மெரெரிட் மூடிய கேட்

மலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் மூவருக்குள் ஒரு சட்டம் உண்டு. கேட்டை முதலில் எட்டுகிறவர் திறந்து பிடிக்க வேண்டும், கடைசியில் வருகிறவர் மூட வேண்டும். எங்கள் ஊர் ரித்தினை விட்டு எந்தத் திசையில் மலையேறினாலும் ஆடுகளுக்காகப் போட்ட கேட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒருவருடைய வேகத்தை நாங்கள் கேட்டை வைத்துத்தான் சொல்வோம். மெரெரிட் திறக்கிற ஆள். நான் நடுவில் சும்மா போகிற ஆள். அவளுடைய சித்தி மகன் யோலோ மூடுகிற ஆள்.

போன வருடம் மலையிலுள்ள கோட்டைச் சரிவில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்ட பிறகு மெரெரிட் மூடுகிற ஆளாகிவிட்டாள். எலும்பு எப்போதோ கூடிவிட்டது. ஆனால் சின்ன இறக்கம் வந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். கேட்டால் டயரில் காற்றுக் குறைவு என்பாள்.

அந்த சனிக்கிழமை காலை ரித்தின் சதுக்கத்தில் கூடியபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"இன்னிக்கு கோட்டைச் சரிவுல கால் ஊனாம இறங்கிப் பாக்கப் போறேன். முடியலைன்னா இந்த வண்டி உனக்குடா யோலோ. சாயங்காலமே எடுத்துக்கோ. கொட்டகையில அத தினம் பாத்துப் பாத்து எனக்கு வெறுத்துப்போச்சு."

"அக்கா, விளையாடாத."

"விளையாடல."

யோலோ வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பிறகு அவளுடைய சீட்டின் அருகே போய் நின்று, அது தன் இடுப்புக்கு எவ்வளவு உயரம் வருகிறது என்று மெல்ல அளந்தான்.

"டேய், நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்," என்றாள் மெரெரிட்.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அவனுடைய வண்டியின் பிரேக்கைப் பிடித்தால் பன்றியை வெட்டுவது போல ஒரு சத்தம் வரும். இத்தனைக்கும் ஊரிலுள்ள பாதி கார்களுக்கு பிரேக் பார்ப்பது அவன்தான்.

நாங்கள் சிறைச்சாலையாக இருந்த பழைய கட்டடத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி, வேலிகளுக்கு நடுவே ஓடும் சந்துகளில் போனோம். கருப்பு முள்பழங்கள் பழுத்துத் தொங்கின. யோலோ ஒரு கையால் பறித்துத் தின்றுகொண்டே ஓட்டினான். யூ மரங்கள் சூழ்ந்த தேவாலயத்தருகே குதிரைப் பாதை பிரிகிறது. அங்கிருந்து ஏற்றம்தான். மோயல் அரியான் மலை மேகத்தைத் தலையில் போர்த்தி உட்கார்ந்திருந்தது. அதன் தோளில், ரோமானியர்கள் வருவதற்கும் முந்தைய கோட்டையின் மண்கரைகள் மூன்று வளையங்களாகத் தெரிந்தன. கோட்டையிலிருந்து சரிவு நேராக இறங்கி, மலை மேய்ச்சலையும் கீழே வயல்களையும் பிரிக்கும் மலைச்சுவரில் இருக்கும் கேட்டில் முடியும். மெரெரிட் அந்தப் பக்கமே பார்க்காமல் மிதித்தாள்.

மலைச்சுவர் கேட் அன்று அகலத் திறந்து கிடந்தது. வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் அதைச் சுவரோடு கட்டியிருந்தார்கள். யோலோ நுழைந்தான், நான் நுழைந்தேன். பின்னால் கயிறு அவிழ்வதும், கேட் கிறீச்சிடுவதும், தாழ்ப்பாள் விழுவதும் கேட்டன. கடைசி ஆள் தன் வேலையைச் செய்துவிட்டாள். மூவருமே இந்த மலைப்பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடியபடி விடு என்று பேசப் பழகும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு வருடமாக மூடிக்கொண்டே வந்த கைக்கு அது ஞாபகம் வரவில்லை. எங்களுக்கும்தான்.

வளைந்து ஏறும் பாதையில் உச்சிக்குப் போனோம். அங்கே யாரோ ஒரு ராஜாவைக் கொண்டாடக் கட்டிய கோபுரம் பாதி நிற்கிறது. மீதியைப் புயல் தள்ளிவிட்டதாம். காற்று படாத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, என் அம்மா சுட்ட திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றோம். மெரெரிட் தன் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"சாப்பிடுடி," என்றேன்.

"லினெட், இப்ப எதாவது உள்ள போனா வெளியதான் வரும்."

அங்கிருந்து கோட்டை வரை ஓட்டிக்கொண்டே வந்தாள். முதல் மண்கரையின் விளிம்பில் நின்றாள். கீழே பள்ளம், இரண்டாவது கரை, மறுபடி பள்ளம், மூன்றாவது கரை, பழைய கோட்டைவாசலின் கற்கள். அங்கேதான் போன வருடம் விழுந்தாள். அதற்குக் கீழே வாய்க்கால் போல அரித்த பாதை, அடியில் தீப்பெட்டி அளவில் கேட். பெடலில் காலை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு இறங்கி, வண்டியை ஹீதர் புதரில் சாய்த்தாள்.

"சரி. ஆச்சு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. "யோலோ, சீட்ட கொஞ்சம் ஏத்திக்க. உன் கால் நீளம்."

"அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

"இப்பவே எடுத்துக்கோ."

"எனக்கு வேணாம்."

"காலைல இடுப்பு வச்சு அளந்த?"

"அது... சும்மா."

அப்போதுதான் பின்னாலிருந்து நாலு சக்கர பைக் உறுமிக்கொண்டு வந்தது. அதில் இருந்தவர் ஹெவின். கீழேயிருக்கும் பண்ணைக்காரர். முகம் தக்காளியாக இருந்தது.

"மலைச்சுவர் கேட்ட எந்தப் புண்ணியவான் மூடினது?"

நாங்கள் கீழே பார்த்தோம். கேட் ஒழுங்காக, அழகாக மூடியிருந்தது.

"நான்தான் மாமா," என்றாள் மெரெரிட்.

"நல்லா இருப்பம்மா நீ! காலைல நானே கைப்படக் கட்டிவச்சேன். மொத்த மலை ஆட்டையும் இன்னிக்கு இறக்குறோம். அதோ பாரு!"

மலையின் வலது மடிப்பிலிருந்து ஆடுகள் வெள்ளைக் கோடாக வழிந்து வந்துகொண்டிருந்தன. பின்னால் நாய்களும், புள்ளி புள்ளியாக மனிதர்களும் தெரிந்தார்கள். கோடு சுவரை ஒட்டி கேட்டை நோக்கி நகர்ந்தது.

"கேட் மூடியிருந்தா முன்னாடி வர்ற கிழட்டு ஆடுங்க திரும்பும். அதுங்க திரும்பினா மொத்தமும் திரும்பும். அந்தப் பக்கத்து மலைக்கு ஏறிடும். பக்கத்துப் பண்ணைக்காரங்கல்லாம் வேலைய விட்டுட்டு வந்து விடிஞ்சதுலேருந்து நடக்கிறாங்க. எல்லாம் பாழ்."

"அத்தைக்கு போன் பண்ணி ஆட்ட நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். அவருடைய மனைவியும் அந்த ஆடுகளின் பின்னால்தான் வந்துகொண்டிருப்பார்.

"அவ போன் சமையலறையில சார்ஜ் ஏறிட்டு இருக்கு."

"இந்த பைக்ல இறங்குங்களேன்?"

"இந்தக் கரையிலயா? நான் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் உருளும். அதுவுமில்லாம கோட்டை மேல இத ஓட்டினா தொல்லியல்காரன் என்னைத் தூக்குல போடுவான். சுத்திப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"நான் போறேன்," என்று யோலோ தன் வண்டியை எடுத்தான்.

"நீயா? உன் பிரேக் சத்தம் எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. ஆடுங்க லிவர்பூல்லதான் போய் நிக்கும்."

அப்படியானால் மிச்சம் நான். ஹெல்மெட் வாரைக் கட்டத் தொடங்கினேன். கொக்கி சட்டென்று மாட்டவில்லை. தலை நிமிர்ந்தபோது ஹீதர் புதரில் சாய்ந்திருந்த வண்டியைக் காணோம்.

மெரெரிட் முதல் கரையில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளத்தில் மறைந்தாள். இரண்டாவது கரையின் மேல் அவளுடைய மஞ்சள் சட்டை எழும்பியது, ஒரு கணம் நின்றது போலிருந்தது, பிறகு மறுபடி மறைந்தது. மூன்றாவது கரை. கோட்டைவாசல் கற்கள். முன்சக்கரம் ஏதோ ஒரு கல்லில் துள்ளி ஒருபக்கமாகப் போனது. இடது கால் பெடலை விட்டுப் பறந்தது.

"ஐயோ அக்கா!" யோலோ என் கையைப் பிடித்து நசுக்கினான்.

கால் தரையைத் தொடவில்லை. காற்றிலேயே அலைந்து மறுபடி பெடலைக் கண்டுபிடித்தது. வண்டி நேரானது. அதன் பிறகு அவள் பிரேக்கையே பிடிக்கவில்லை என்று தோன்றியது. மஞ்சள் புள்ளி வாய்க்கால் பாதையில் விழுந்தடித்துக்கொண்டு போனது. ஹெவின் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தார்.

கேட்டருகே புள்ளி இரண்டானது. வண்டி ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் ஓடினாள். கேட் திறந்து சுவரோடு போய் ஒட்டியது.

"உக்காரு, உக்காரு, தலை தெரியக் கூடாது," என்று ஹெவின் அவளுக்குக் கேட்பது போல முணுமுணுத்தார். அவளும் வண்டியைச் சுவருக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக் குந்திவிட்டாள்.

முன்னால் வந்த கிழட்டு ஆடு கேட்டின் முன் நின்றது. வலப்பக்கம் பார்த்தது. இடப்பக்கம் பார்த்தது. பிறகு, தன் வீட்டு வாசலில் நுழைவது போல அலட்சியமாக உள்ளே போனது. பின்னால் மொத்த மலையும் பாலாக வழிந்து இறங்கியது.

நானும் யோலோவும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இறங்கினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஆடும் வயலுக்குள் போயிருந்தது. மெரெரிட் புல்லில் மல்லாந்து கிடந்தாள். முழங்கால் வரை ஆட்டுப் புழுக்கை. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

"எறங்கிட்டடி!" என்று அவள் மேல் விழுந்தேன்.

"எங்க எறங்கினேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆட்ட மட்டுந்தான் பாத்தேன். இது கணக்குல வராது."

"வராதா? நாங்க மூணு பேர் பாத்தோம்க்கா," என்றான் யோலோ.

"கால் பறந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" எழுந்து உட்கார்ந்தாள். கைப்பிடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்தாள். சரிவை மேலிருந்து கீழ்வரை, இந்த முறை நிதானமாக, ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள். "கோட்டைவாசல்ல நான் ரொம்ப இடதுபக்கம் போயிருக்கேன். அதான் கல்லு தூக்கிச்சு. வலதுபக்கம் புல்லா இருக்கு பாரு. போன வருஷமும் இதே தப்புதான் பண்ணியிருக்கேன்."

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, சரிவில் தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

"அப்ப வண்டி போச்சா உனக்கு?" என்று யோலோவைச் சீண்டினேன்.

"போனா போகுது போ. எனக்கு அந்தக் கலர் பிடிக்கவே இல்ல."

அவள் ஏறி முடிப்பதற்குள் ஹெவினின் மனைவி அய்ர்லிஸ் அத்தை நாய்களோடு வந்து சேர்ந்தார். கோலை ஊன்றி மூச்சு வாங்கினார். மேலே முதல் கரையின் விளிம்பில் மஞ்சள் சட்டை வண்டியில் ஏறியது. பிறகு ஊர் மாதாகோவில் வரை கேட்கும்படி ஒரு கூச்சல் எழுந்தது. பயமில்லை, வெறும் குஷி. கூச்சல் பள்ளத்தில் அமுங்கி, கரையில் எழும்பி, கோட்டைவாசலில் வலதுபக்கமாகப் புல் மேல் வழுக்கி எங்களை நோக்கி வந்தது. நாய்கள் காதை விறைத்தன.

"யாருடா அந்தப் பைத்தியம்?" என்றார் அய்ர்லிஸ் அத்தை.

யோலோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"எங்க அக்கா," என்றான்.