கரமெலுக்கு வாங்கிய வண்டி

காருக்குப் பின்னால் பூட்டிக் குதிரை ஏற்றுகிற அந்தப் பழைய ட்ரெயிலரை விலைக்குப் பார்க்க அந்தோனிதாசன் தனியாகத்தான் போனார். மகள் ஜெனுஷாவுக்கு அன்று ஜிம்னேசியம் என்கிற டெனிஷ் உயர்பள்ளியில் கடைசி வாய்மொழிப் பரீட்சை. மனைவி லூர்தம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. புறப்படும்போது ஜெனுஷா வாசல்வரை வந்தாள்.

"பிரேக் பாருங்கோ அப்பா, டயர் பாருங்கோ. எல்லாத்தையும் விட முக்கியம், குதிரை நிக்கிற இடத்தில ரப்பர் விரிப்பு இருக்கும். அதைத் தூக்கிப்போட்டுக் கீழ பலகையைக் குத்திப் பாருங்கோ."

"சரி பிள்ளை, சரி."

ஜெனுஷாவின் குதிரைக்குக் கரமெல் என்று பெயர். சவாரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைச் சுமந்து களைத்த பழுப்புக் குதிரை. மூன்று வருடம் பள்ளிக்கூடம் விட்டு வந்து லாயம் கழுவியதற்காக, லாயக்காரி அதை அவளுக்கே கொடுத்துவிட்டாள். "எங்கட ஆக்களுக்கு என்னத்துக்குக் குதிரை?" என்று அந்தோனிதாசன் முதலில் எரிந்து விழுந்தார். பிறகு ஒருமுறை போட்டி நடக்கும் இடத்துக்குச் சோறு கொண்டுபோனார். நல்ல மழை. மற்றப் பிள்ளைகள் கட்டிலும் அடுப்பும் வைத்த ட்ரெயிலர்களுக்குள் பெற்றோருடன் இருந்தார்கள். இவள் மட்டும் தண்ணீர் ஊறிய கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தாள். அன்றைக்கே அவர் முடிவெடுத்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில் ட்ரெயிலர் இழுக்கிற லைசன்ஸுக்குப் படித்து, ஒருதரம் தோற்று, அடுத்த தடவை எடுத்தார்.

விற்பவர் பெயர் கியெல். விபோர்க் ஊர்ப் பக்கம் தனி வீட்டில் இருந்த டெனிஷ்க் கிழவர். முற்றத்தில் மேசை போட்டுக் கோப்பியும் கேக்கும் வைத்துக் காத்திருந்தார். இவர்கள் இருக்கும் ஹோர்சன்ஸில் என்ன வேலை, தொழிற்சாலையில் எத்தனை வருடம், மகள் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். இருபத்தாறு வருடமாக ஒரே தொழிற்சாலையில் சாப்பிடுகிறவர் அந்தோனிதாசன். அந்தச் சாப்பாட்டு மேசையில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

முன்பக்கம் வசிக்கிற அறை. குறுக்கே ஒரு கட்டில், இரண்டு எரிவாயு அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, உட்கார ஒரு நீள வாங்கு, மஞ்சள் திரை போட்ட ஜன்னல். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளை இதில் படுப்பாள், நான் அந்த வாங்கில் படுப்பேன், விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன் என்று யோசித்தார்.

பின்பக்கம் ரப்பர் விரிப்பு கிடந்தது. ஓரங்களைத் தகடு வைத்துத் திருகாணியால் முறுக்கியிருந்தார்கள். அந்தோனிதாசன் குனிந்து கை வைத்தார்.

"தூக்கிப் பார்க்க வேண்டுமானால் ஆணி கழற்றுகிற சாவி கொண்டு வருகிறேன்," என்றார் கியெல். "என் மனைவி வாராவாரம் கழுவித் துடைத்த வண்டி. ஒரு குறையும் இல்லை."

அந்தோனிதாசனின் மற்றக் கையில் அவர் ஊற்றிக் கொடுத்த கோப்பி இன்னும் சூடாக இருந்தது. கழற்றச் சொன்னால் அந்த மனிதரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

"வேண்டாம்," என்று நிமிர்ந்தார்.

பின்னேரம் ட்ரெயிலர் வீட்டு வாசலில் நின்றபோது ஜெனுஷா கேட்டாள்.

"விரிப்பைத் தூக்கிப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம், ஓம். நல்ல பலகை."

அவள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அவள் அப்படிக் கட்டிப்பிடித்து ஏழெட்டு வருடம் இருக்கும்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை சில்கெபோர்க் பக்கம் போட்டிக்குப் புறப்பட்டார்கள். முதல் பயணம். காட்டுப் பாதையில் ஒரு வளைவு தாண்டியதும் பின்னால் ஏதோ இடித்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பின்னால் வந்த கார் விடாமல் ஹோர்ன் அடித்தது. அந்தோனிதாசன் ஓரம் கட்டுவதற்குள் ஜெனுஷா கதவைத் திறந்து குதித்துவிட்டாள்.

பலகை உடைந்து கரமெலின் பின்கால் ஒன்று தெருவரைக்கும் போயிருந்தது. வண்டி நிற்கும்வரை அந்தக் கால் தாரில் இழுபட்டிருக்கிறது.

ஜெனுஷா பக்கக் கதவால் உள்ளே புகுந்து குதிரையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மிருக வைத்தியர் வர நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் டெனிஷில் அதனோடு கதைத்துக்கொண்டே இருந்தாள். அந்தோனிதாசன் தெருவில் நின்று வருகிற கார்களை மறித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வைத்தியர் பெண். பார்த்த உடனேயே இனிக் காப்பாற்ற முடியாது என்று தலையை ஆட்டினாள். "நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் ஊசியைப் போடுங்கள்," என்றாள் ஜெனுஷா. எல்லாம் முடிந்தபிறகு வைத்தியர் உடைந்த இடத்தில் விரிப்பைக் கிளப்பி, பலகையில் ஒரு துண்டு பிய்த்தாள். நனைந்த பாண் மாதிரி அது விரல்களுக்குள் நசிந்தது.

"யாரும் இதைப் பார்க்கவில்லையா?"

"அப்பா பார்த்தவர்," என்றாள் ஜெனுஷா. "அந்த மனுஷன் எதையோ மறைத்து அப்பாவை ஏமாற்றிவிட்டான்."

அந்தோனிதாசன் திரும்பிக் கார்களை மறிக்கப் போனார்.

அடுத்த மூன்று நாளும் அவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியுடன் இருந்தாள். கியெல்லுக்கு எதிராக முறைப்பாடு எழுதினாள். "எங்கட அப்பாவை வெளிநாட்டான் எண்டுதானே ஏமாத்தினவன்," என்று தாயிடம் சொன்னாள். அழுது வீங்கிய முகத்தோடு எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். லூர்தம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அந்தோனிதாசன் வேலைக்குப் போனார், வந்தார், சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இதில சைன் வையுங்கோ அப்பா. நீங்கள் விரிப்பைத் தூக்கிப் பாத்தனீங்கள், பலகை காய்ஞ்சு இருந்தது எண்டு போட்டிருக்கிறன்."

அவர் பேனையை எடுத்தார். தாளை இரண்டுதரம் வாசித்தார். பேனையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நான் தூக்கேல்லைப் பிள்ளை."

"என்ன?"

"நான் விரிப்பைத் தூக்கிப் பாக்கேல்லை. அந்தாள் தூக்கிக் காட்டவோ எண்டு கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

குசினியில் லூர்தம்மா தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள்.

"ஏன்?" என்றாள் ஜெனுஷா. குரல் எழும்பவே இல்லை.

மூன்று இரவாக அவர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். இப்போது வாயில் வந்தது ஒன்றுதான்.

"கோப்பி தந்தவர்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னட்டப் பாத்தனான் எண்டு சொன்னீங்கள். அதை நம்பித்தானே நான் கரமெலை உள்ளுக்குள்ள ஏத்தினனான்," என்றாள்.

அவர் எழுந்து அவள் பக்கம் போனார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். தாளை நாலாக மடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். கத்தியிருந்தால், ஏசியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

வீட்டிலிருந்தே ஓகூஸ் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்வருவதாகத்தான் அவள் முன்பு சொல்லியிருந்தாள், கரமெலை விட்டுப் போக மனமில்லாமல். ஓகஸ்டில் அங்கே ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். ட்ரெயிலரை அந்தோனிதாசன் பழைய இரும்புக்குக் கொடுத்தார். கட்டிலையாவது கழற்றி வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாமே என்று லூர்தம்மா கேட்டாள். மகள் தாய்க்கு மட்டும் தொலைபேசி எடுத்தாள்.

ஒக்டோபரில் குளிர் தொடங்கியதும், அவள் விட்டுப்போன தடித்த ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு அவர் ரயிலில் ஓகூஸுக்குப் போனார். கீழ்க்கதவில் மணி அடித்தார். ஜெனுஷா இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். ஜக்கெற்றை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடுறியோ பிள்ளை?"

"ஓம்."

"படிப்பு?"

"போகுது."

அவர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். ரயிலில் வரும்போது டெனிஷிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்திருந்தார். சொல்லத் தொடங்கினார். இரண்டு சொல் வருவதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாம் அப்பா. இப்ப வேண்டாம். ஏலாது." கண்ணைத் துடைத்தாள். "நாலு இருபதுக்கு ஒரு ரயில் இருக்கு. அதைப் பிடிச்சிடுவீங்கள்."

கதவு மூடிய பிறகும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் படியேறுவது தெரிந்தது. மூன்றாம் மாடி வரைக்கும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவர் நாலு இருபது ரயிலையே பிடித்தார்.

லூர்தம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"மேல கூப்பிட்டவளோ?"

அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இல்லை," என்றார்.