ஆமென் வரைக்கும்

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நைனா இஸ்ரேல், பக்கத்தில் அம்மா மேரி, மடியில் வேதாகமம், அம்மாவுக்குப் பின்னால் அண்ணன் எர்னஸ்ட், நைனாவுக்குப் பின்னால் தான்... போலீஸ் ஸ்டேஷனிலும் டெபோரா இப்படித்தான் சொன்னாள், எழுதிக்கொண்டார்கள், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சித்தூர் தபாலாபீஸ் மேசையில் நின்றபடி, போக்குவரத்து அலுவலகத்துக்கான கடிதத்தை இன்னொரு முறை படித்தாள், என் தந்தைக்குக் காது கேட்பதில்லை, இனி வாகனம் ஓட்டமாட்டார், லைசென்ஸை இத்துடன் ஒப்படைக்கிறோம், கீழே அவள் கையெழுத்து, பக்கத்தில் நைனாவுடையது... பொய் ஒன்றும் இல்லையே, பின்னே ஏன் உறையை ஒட்ட மனசு வரவில்லை?

அன்றைக்குத் திருப்பதியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து கார் கிளம்பியதுமே அம்மா ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள், பெண், மாப்பிள்ளை, அவர்கள் சபை, சபையில் படுக்கையாகக் கிடப்பவர்கள், ஒவ்வொருவராகப் பேர் சொல்லி... “பாகாலா வந்தாத்தான் ஆமென் வரும், பாரு” என்று எர்னஸ்ட் கிசுகிசுத்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் கண்ணை மூடித் தலை குனிந்தாள், பாகாலா தாண்டியும் வரவில்லை. ஊர்ப்பக்கம் திரும்பும் ரோட்டில் கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். டெபோரா கண்ணைத் திறந்தபோது நைனாவின் கட்டைவிரல் ஹாரன்மேல் இருந்தது, அழுத்திக்கொண்டே இருந்தது, சத்தமே இல்லை. காலையில் திருப்பதியில் பெய்த மழையில் ஒயர் நனைந்திருக்கும், காது கேளாத மனுஷனுக்கு அது எப்படித் தெரியும், அவர் அடித்தார், அவள் நகர வேண்டும், எல்லாரும் நகர்வார்கள்தானே, அதனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை... ‘நைனா’ என்று தோளைத் தட்டியிருந்தால் போதும். ஆனால் ஜெபத்தின் நடுவே வாயைத் திறக்கக்கூடாது, சின்ன வயசிலிருந்தே அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கியது, இதோ முடிந்துவிடும், இதோ ஆமென், இதோ... கடைசியில் நைனா பிரேக் போட்டபோது இடித்துவிட்டது. முனெம்மா, பேரைக்கூட ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டார்கள், இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள், எழுந்து நடப்பாளா? காதுதான் காரணம் என்று சபையில் எல்லாரும் சொன்னார்கள், “மெஷினை மாட்டிக்கோன்னு தலையால அடிச்சிக்கினேன், கேட்டாரா?” என்று அம்மாவும் சொன்னாள், டெபோரா கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

“என்னாம்மா யோசிச்சிக்கினு கீற, ஒட்டு!” பக்கத்தில் நைனா கத்தினார், தன் குரலும் அவருக்குக் கேட்காது, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எனுக்கு வருத்தமில்லே பாப்பா. ஹாரன் கேக்குதா இல்லியான்னு எனுக்கு எப்பவும் தெரியாது. கண்ணாடியில உன் மூஞ்சியப் பாப்பேன், நீ கம்முனு இருந்தா சரின்னு போய்க்கினே இருப்பேன். அன்னிக்கும் பாத்தேன்.”

அன்றைக்கும் பார்த்தார்... அப்படியானால் இத்தனை வருஷமும் நைனாவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்ததா, தன் வழியாக? எப்போது பார்த்தார், அவள் கண் மூடியிருந்தபோதா, திறந்த பிறகா? கேட்டால் சொல்லிவிடுவார். விரலில் பசையைத் தொட்டு உறையின் ஓரத்தில் தடவி அழுத்தினாள், நீட்டினாள். கவுண்டரிலிருந்த பெண் வாங்கி, எடை போட்டு, முத்திரை குத்தி, பின்னாலிருந்த பையில் போட்டாள்.