வெங்காயத்தாளில் ஏறாத நீலம்

பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாளில் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பள்ளியில் இது எழுதாத சட்டம். வயல் மண்ணைக் கழுவிவிட்டு நானும் மற்ற அம்மாக்களோடு போய் நின்றேன்.

ஆறாம் வகுப்பு. வெயில் பட்ட இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் பாடம். இலையை வடிதாளில் வைத்து மரச்சுத்தியால் தட்டி, இறங்கிய சாற்றின் மேல் அயோடின் விட்டால் நீலம் ஏற வேண்டும். வீட்டிலிருந்து ஓர் இலை கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியர் உசுகி. எங்கள் ஊரில் ஆசிரியரை 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவோம். மதிய வெயிலில் நின்ற வெங்காயத்தாளை நானே அறுத்து வந்து என் மகள் மினோரியிடம் கொடுத்திருந்தேன்.

மற்றவர்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு இலையெல்லாம் நீலமானது. மினோரியின் வடிதாளில் மட்டும் பழுப்புதான். அதையே நோட்டில் எழுதினாள்.

"நிழல்ல கிடந்ததைக் கொண்டுவந்திருக்கே. அழிச்சுட்டு நீலம்னு எழுது" என்றார் உசுகி.

"ஆகலையே, சென்செய்."

"ராத்திரி சூப்புக்கு வச்சதைத் தூக்கிட்டு வந்தியா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெயில்ல நின்னதுதான், சென்செய். அறுத்தவ நான்."

பக்கத்து அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்கவில்லை. "மிச்ச வெங்காயத்தாள் அங்கேயே இருக்கு. நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினார். அதே புட்டியிலிருந்து அயோடின் விட்டார். பழுப்பு.

அவர் என்னருகே வந்து குரலைத் தணித்தார். "வெங்காயத்தாள் இலையில மாவா வைக்காதும்மா, சர்க்கரையா வச்சுக்கும். எனக்குத் தெரியும். பரீட்சையில அதைக் கேக்க மாட்டாங்க. சொன்னா பிள்ளைங்க குழம்பிடுவாங்க."

தெரிந்தேதான் என் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார். நிழல், சூப்பு என்று ஊர் சிரிக்க வைத்திருக்கிறார். இதற்குப் பெயர் பாடமா?

"தெரிஞ்சதை அவகிட்ட சொல்லுங்க. இப்பவே, எல்லார் முன்னாடியும்" என்றேன். என் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, போதும்" என்றாள் மினோரி. "நான் எழுதிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். அழித்த இடம் நைந்திருந்தது. அதன் மேல் 'நீலம்' என்று எழுதியிருந்தாள். உசுகி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவேயில்லை.