ஆள் வராத அட்டைகள்

ரத்த அழுத்தத்துக்கு மார்க்குப் போடலாம் என்று மாரீஸ்வரி கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கிளினிக்கின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தபோது. அன்று அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. கொஞ்சம் சந்தோஷமான வேலையாகக்கூட இருந்தது.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், செல்போன் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இருந்தது அந்தக் கிளினிக். டாக்டர் ஸ்ரீலேகா மாட்டுங்காவிலிருந்து காலையும் மாலையும் வருவார். மற்ற எல்லாவற்றுக்கும் மாரீஸ்வரிதான்: சீட்டு எழுத, மருந்து எடுத்துக் கொடுக்க, பிரஷர் அளக்க, பெஞ்சில் நடக்கும் சண்டையை விலக்க. கிளினிக் ஓர் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. பிரஷர் உள்ளவர்களுக்கு மாத்திரை இலவசமாக வரும். பதிலுக்கு, நோயாளிகளைச் சரியாகக் கவனிக்கிறோம் என்பதற்கு விவரம் அனுப்ப வேண்டும்.

அந்த விவரப் படிவம்தான் ஒன்றரை வருஷத்தில் மூன்று தரம் மாறிவிட்டது. முதலில் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டார்கள். அடுத்து, எத்தனை பேருக்கு மாத்திரை போனது என்றார்கள். இப்போது ஒவ்வொருவரும் வந்த ஒவ்வொரு முறைக்கும் அளந்த எண் வேண்டுமாம், கடந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்.

அந்தச் சந்தின் வழக்கமோ வேறு. அங்கே அட்டை வரும், ஆள் வராது. பெல்ட் பட்டறையிலும் தையல் மெஷினிலும் உருப்படிக் கூலிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மாத்திரைக்காக எழுந்து வர மாட்டார்கள். காலேஜுக்குப் போகிற மகள், எதிர்வீட்டுக்காரி என்று யார் கையிலாவது மஞ்சள் நிற மருந்து அட்டையைக் கொடுத்தனுப்புவார்கள். சில நாள் ஒரே ஆள் ஏழெட்டு அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவார். டாக்டர் ஒவ்வொன்றிலும் 'அதே மருந்து' என்று எழுதுவார். ஒரு கையிலும் பிரஷர் பட்டை கட்டாமலே எட்டுப் பேர் வந்துபோனதாகிவிடும்.

இருநூற்றுப் பதினான்கு அட்டைகளில் நூற்று முப்பத்தொன்றில் அந்த மூன்று மாதத்துக்கு எண்ணே இல்லை.

"'அளக்கவில்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கே மேடம், அதுல டிக் போட்டுரலாமா?" என்று கேட்டாள்.

"நாலஞ்சு பேருக்குப் போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டா. நூத்தி முப்பது பேருக்குப் போட்டா நம்மள லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவா. அப்புறம் இவாளெல்லாம் மாத்திரைக்கு எங்க போவா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிஞ்ச வரைக்கும் கூப்ட்டு அளந்துடு. காலியா மட்டும் இருக்கப்படாது. நீ பாத்துப்பே."

அதைச் சொல்லும்போது அவர் மாரீஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க போன் போட்டாள். பதினொரு பேர் வந்தார்கள். மற்றவர்கள், "ஆர்டர் தலைக்கு மேல கெடக்குட்டி, நீயே எதையாவது போட்டுக்கோ" என்றார்கள். வந்திருந்தாலும்தான் என்ன, இன்றைய எண் போன மாசத்து எண் ஆகுமா?

ஆக, வெள்ளிக்கிழமை மத்தியானம் நூற்று இருபது அட்டைகளோடு உட்கார்ந்தாள். முதல் சிலருக்குப் போன வருஷத்து எண்ணைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினாள். அதில் ஓரளவு நியாயம் இருப்பதாகப் பட்டது. பிறகு பழைய எண்ணும் இல்லாத அட்டைகள் வந்தன. பெயரைப் படிப்பாள். கண்ணை மூடுவாள். அந்த ஆள் சந்தில் நடந்து வருவார். மூச்சு வாங்குகிறதா, யாரையாவது வைதுகொண்டு வருகிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா? எண் தானாக வந்து நிற்கும். மெஷின் காட்டுகிற மாதிரியே நூற்று இருபத்தேழு, நூற்று முப்பத்துமூன்று என்று கலந்து எழுதினாள். சிரிப்பவர்களுக்கு நல்ல எண் கிடைத்தது.

இசக்கிமுத்துவின் அட்டை வந்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். தேவ்நாரில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன் அவள் ஒரு பையோடு திரும்பி வந்தபோது, என்ன நடந்தது என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரர், பெல்ட் பட்டறையில் வேலை. மறுநாளே டாக்டரிடம் வந்து, "படிச்ச பிள்ளை, சும்மா இருக்கு" என்று சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தார். அவருக்கு நூற்று இருபத்திரண்டுக்கு எண்பது போட்டாள், மூன்று மாதத்துக்கும். அவளிடம் இருந்ததிலேயே அழகான எண் அது.

எல்லாரும் பாஸானால் நம்ப மாட்டார்கள். ஒன்பது பேரைப் பெயிலாக்க வேண்டியிருந்தது. முதல் பெயர் யோசிக்காமலே வந்தது: பேராச்சி. போன மாசம் குழாயடி வரிசையில், இருபது பெண்கள் கேட்க, "புருசங்கிட்ட வாழத் தெரியாதவளுக்கு மொத கொடமா?" என்று கேட்டவள். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றெட்டு. எழுதும்போது பேனா நன்றாக அழுந்தியது.

ஆறு வாரம் போனது. விவரம் முழுமையாக இருந்ததாக மேலிடத்திலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. டாக்டர் அதைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

அதற்கு மறுநாள் பேராச்சி வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"ஏட்டி மாரி, தலையத் திருப்பு" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல், மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தை அவள் கொண்டையில் வைத்தாள்.

"என்ன அத்தை இது?"

"பிரஷர் கேம்ப்புனு சயான் ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டாவ. பட்டியல்ல என் பேருதான் மொதல்ல. போனா, எரநூறு இருக்குங்காவ. கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஒரு கண்ணு போயிருக்கும்னு அந்த டாக்டர் சொல்லுதாரு. மருந்தெல்லாம் மாத்திக் குடுத்திருக்காவ." அவள் குரலைத் தாழ்த்தினாள், ஆனாலும் பெஞ்சு முழுக்கக் கேட்டது. "நான் ஒரு நாளும் ஒன் மெஷின்ல கைய நீட்டுனதில்ல. எப்படிட்டி கண்டுபிடிச்ச? குழாயடியில மூஞ்சியப் பாத்தே புடிச்சுட்டியோ?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரிக்குக் காது மடல் எரிந்தது.

"அன்னைக்கு ஒன்ன ஒரு பேச்சுப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத, என்ன?"

மனசில் வைத்திருந்ததால் வந்த எண்தான் அது என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினாள். அன்று சாயங்காலமே இரண்டு பெண்கள் வந்து, சீட்டு எடுக்காமல் எதிரே நின்று, "எங்க மூஞ்சியையும் கொஞ்சம் பாரேன் தாயி" என்றார்கள். வீட்டுக்குப் போனதும் பூவை எடுத்துவிட நினைத்தாள். எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் இசக்கிமுத்துவின் மகள் ஷாலினி இருமல் மருந்து வாங்க வந்தாள்.

"அப்பா அட்டைய ஏன் இந்த மாசம் குடுத்தனுப்பல?"

"அப்பா மாத்திரைய நிறுத்திட்டாருக்கா. போன்ல கவர்மென்ட் மெசேஜ் வந்துச்சுல்ல, மூணு மாசமும் நூத்தி இருபத்திரெண்டு, பிரஷர் கன்ட்ரோல்ல இருக்குன்னு. பட்டறையில எல்லாருக்கும் காட்டிட்டுத் திரியிறாரு. தலைதான் கொஞ்சம் சுத்துதாம். வெயில்ங்கிறாரு."

மாரீஸ்வரி மருந்துப் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பட்டறை நாலாவது சந்தில்.

இசக்கிமுத்து பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கும் மெஷின் முன்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து ஊதியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த முகம் இது இல்லை.

"வாங்க டாக்டரம்மா. யாருக்கு ஊசி?"

"கையக் காட்டுங்க சித்தப்பா."

"எனக்கா? நான் பாஸாகி ஒரு வாரம் ஆச்சு."

"பெரிய பாஸு. அதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு பிரஷர் ஏத்திவிட்டாரு" என்றார் பக்கத்து மெஷினில் இருந்த முகம்மது ஹனீப்.

பட்டையைக் கட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு நூற்றுப் பதினெட்டு. இன்னொரு தரம் அளந்தாள். நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"மெஷின்ல பேட்டரிய மாத்து" என்றார் இசக்கிமுத்து.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கவர்மென்ட் பொய் சொல்லுதா?"

ஒரு பதில் நாக்கில் தயாராக இருந்தது. அதையே சொன்னாள். "அன்னைக்கு நல்லா இருந்துச்சு. இப்பதான் ஏறியிருக்கு. மாத்திரைய உடனே போடணும்."

"ஏறுனா எறங்கும். ஆர்டரு முடியட்டும். மூணு மாசமா நூத்தி இருவத்திரெண்டுல நின்ன ஒடம்பு, ஒரு வெயிலுக்கு ஏறிட்டா தானா எறங்காதா?" அவர் பட்டையை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெல்ட்டை எடுத்தார்.

அந்த எண்ணை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

"மூணு மாசமா நிக்கல சித்தப்பா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது, மெஷின் சத்தத்துக்கு மேலே. "நிக்கல. ஒங்கள அளக்கவே இல்ல. நான் கண்ண மூடிட்டு எழுதுன நம்பரு அது. கவர்மென்ட் நான் எழுதுனதத்தான் ஒங்களுக்குத் திருப்பி அனுப்பிச்சு."

ஹனீப் தன் மெஷினை நிறுத்தினார். அவருக்கு அப்பால் இருந்தவரும் நிறுத்தினார்.

"எனக்கு ஏன்ட்டி நல்ல நம்பரு போட்ட?"

"ஒங்களப் புடிக்கும்னு."

அவர் வையவில்லை. வைதிருந்தால் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் அவளுடைய கொண்டையில் வாடித் தொங்கிய மல்லிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராச்சியின் கண் தப்பிய கதை அதற்குள் சந்து முழுக்கத் தெரியும். குழாயடிச் சண்டையும் தெரியும்.

"அடிப்பாவி" என்றார் மெல்ல. பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கிளினிக் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார், சுவரை ஒரு கையால் தொட்டபடி. மாரீஸ்வரி இரண்டடி பின்னால். பக்கத்தில் போய்த் தாங்கிக்கொள்ள அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, ஈசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்து, அரைமணிக்கு ஒரு தரம் அளக்கச் சொன்னார். அதன் பிறகு மாரீஸ்வரி சொன்னாள். நூற்று இருபது பேர் என்று சொன்னாள். சிரிப்பவர்களுக்கு என்ன போட்டாள், பேராச்சிக்கு என்ன போட்டாள் என்பதையும் விடாமல் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ரெண்டு நாள்ல எப்படி முடிச்சேன்னு நான் கேக்கவே இல்ல, பாத்தியா" என்றார். "கேட்டா நீ சொல்லிடுவே. அதான் கேக்கல."

எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஒரு மூலை கிழிந்து சுவரிலேயே தங்கிவிட்டது.

"திருத்தம்னு ஒரு பக்கம் இருக்கோல்லியோ, அதத் திற. நூத்தி இருபதும் 'அளக்கவில்லை'. லிஸ்ட்லேர்ந்து எடுத்தா நேர்ல போய் நிக்கறேன். நாளைலேர்ந்து மத்தியானம் கிளினிக் வேண்டாம். நீயும் நானும் பட்டறை பட்டறையாப் போய் அளப்போம். அட்டை இங்க வர வேண்டாம், நாம ஆள்ட்ட போலாம்."

மாரீஸ்வரி டிக் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த முகம் மறுபடி சந்தில் நடந்து வந்தது. இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. பேராச்சியின் வரியில் விரல் நின்றது. அந்த ஓர் எண் மட்டும் கிட்டத்தட்ட சரி. ஒரு கண்ணைக் காப்பாற்றிய எண். அது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். பிறகு அதற்கும் டிக் போட்டாள்.

அரைமணி ஆனதும் மெஷினை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள். இசக்கிமுத்து கையை நீட்டினார்.

"என்ன காட்டுது?"

"நூத்தி எழுவத்திரெண்டு."

"பாஸா?"

"இல்ல சித்தப்பா."

"அப்படியே எழுது. நான் பாக்கேன்."

அவர் தலையைத் தூக்கி, அவள் ஒவ்வொரு இலக்கத்தையும் அட்டையில் எழுதி முடிக்கும்வரை பார்த்தார்.

வெளியே பெஞ்சுப் பக்கமிருந்து பேராச்சியின் குரல் கேட்டது. "ஏட்டி மாரி, என் தங்கச்சி குர்லாலேந்து வந்திருக்கா. இவ மூஞ்சியக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

மாரீஸ்வரி மெஷினைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தங்கச்சிக்கு அளந்து பாக்கேன் அத்தை" என்றாள். "அதுக்கு முன்னாடி நீங்க மட்டும் உள்ள வாங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."