அந்தப் பக்கம் பிடிக்க ஓர் ஆள்

என் வீட்டுக்காரி மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மகளின் பிரசவத்துக்குப் போனாள். போய் இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. பேரன் இப்போது ஓடுகிறானாம், கதவைத் திறக்கிறானாம், செருப்பைக் கொண்டுபோய் வாஷிங் மெஷினில் போடுகிறானாம். எல்லாம் ஃபோனில் வருகிற சேதிதான். அவள் எப்போது வருவாள் என்று யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "வந்திடுவா. துணியை இங்கதானே விட்டுட்டுப் போயிருக்கா!"

துணி என்றால் உடுத்துகிற துணி இல்லை. கிராஸ் ஸ்டிட்ச் துணி. சின்னச் சின்னக் கட்டமாக ஓட்டை இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் நூலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கில் போட்டால் ஓர் ஏரி வரும், கரையில் மரம் வரும், ஒரு படகு வரும். அவளுடையது ஒரு மீட்டர் அகலம். ஆறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலும் கீழும் இரண்டு உருளை, பக்கத்துக்கு ஒரு கட்டை, நாலு மூலையிலும் நட்டு. அந்தச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வைத்திருந்தாள்.

"சட்டத்துலேர்ந்து மட்டும் கழற்றிடாதீங்க. கழற்றினா தளர்ந்துடும், மறுபடி கட்டுறதுக்குள்ள என் உயிர் போயிடும்" என்று கிளம்பும்போது சொன்னாள். பெட்டியை லிஃப்டில் ஏற்றிய பிறகு, மூடப்போன கதவைக் காலால் தடுத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "மழை நாள்ல தொய்வு விழுந்தா அந்த நட்டைக் கொஞ்சம் திருப்பி விடுங்க."

திரும்பி வராதவள் இப்படியெல்லாம் சொல்லிவிட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்கள்.

நான் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எது தொய்ந்திருக்கிறது, எது இறுகியிருக்கிறது என்பதை விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். மகள் என்னையும்தான் கூப்பிட்டாள். "மாப்பிள்ளை வீட்டுல போய் ஒண்டிக்கிட்டு இருக்கிற ஆள் நான் இல்லை" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான், அப்புறம் அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் தினமும் காலையில் எழுந்து டீ போட்டுக் குடித்துவிட்டு, அந்தத் துணியை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். இறுக்கமாக இருந்தால் அன்றைக்கு மனசுக்கு ஒரு தெம்பு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சின்ன வேலையென்றால் வட்ட வளையத்தில் மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளலாம். இவ்வளவு பெரியதற்கு வளையம் ஆகாது, துணியில் தழும்பு விழுந்துவிடும். சட்டத்தின் ஒரு முனையைச் சோபாக் கைப்பிடியில் சாய்ப்பாள், மறுமுனையை முழங்காலால் முட்டுக்கொடுப்பாள். ஊசியைக் கீழே இழுக்கும்போது முழங்கால் வழுக்கும், சட்டம் சரிந்து கீழே விழும். "ஏங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன்" என்பாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நான் என்ன ஆணியா, அடிச்சு வெச்சுக்கிறதுக்கு?" என்பேன். ஒருதடவை மகளும் இருந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை. அதற்கப்புறம் வீட்டுக்காரி எப்போது கேட்டாலும் அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எப்போதிலிருந்து விட்டாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது.

போன மழைக்காலத்தில்தான் எனக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. நாலு நாள் விடாத மழை. பேச ஆள் இல்லை, டிவியும் ஓடவில்லை. வலது மேல் மூலையில் வானம் மட்டும் காலியாக இருந்தது. முழுக்க ஒரே நீலம், எண்ணிப் போட வேண்டிய தொல்லை இல்லை. ஒரு குறி போட்டுப் பார்த்தால் என்ன குடிமுழுகிப் போகப் போகிறது என்று ஊசியை எடுத்தேன்.

போட்ட பிறகுதான் தெரிந்தது சங்கதி. ஊசியை மேலிருந்து குத்த ஒரு கை வேண்டும், கீழே வாங்கித் திருப்பி அனுப்ப இன்னொரு கை வேண்டும், சட்டத்தைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். கடவுள் கொடுத்ததோ இரண்டு. சோபாவில் சாய்த்தேன், வழுக்கியது. முழங்காலில் வைத்தேன், இரண்டு தடவை காலில் விழுந்து கட்டை விரல் நகம் கறுத்துப்போனது. "அடச்சீ!" என்று கத்தினேன், சுவருக்குத்தான் கேட்டது. ஆறு வருஷம் ஒரு பொம்பளை இப்படி மல்லுக்கட்டியிருக்கிறாள், நான் ஏழடி தூரத்தில் உட்கார்ந்து ஜோக்கு அடித்திருக்கிறேன். அன்றைக்கு என் மேலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ஆனால் மெக்கானிக் என்றால் சும்மாவா? பரண்மேல் இருந்த கருவிப் பெட்டியை இறக்கினேன். இரண்டு கிளாம்பை எடுத்து, துணியில் படாமல் சட்டத்தின் இடப்பக்கக் கட்டையைச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தோடு சேர்த்து முடுக்கினேன். நடுவில் பழைய ரப்பர் துண்டு கொடுத்தேன், மரம் நசுங்கக் கூடாது பாருங்கள். மீதிச் சட்டம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. தட்டினேன். மத்தளம்தான்! எங்கள் ஹால் குறுகல், மேஜைக்கு ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஃபிரிட்ஜ். நீட்டிக்கொண்டிருந்த முனைக்கு எதிரே மட்டும்தான் நாற்காலி போட இடம். அங்கே உட்கார்ந்தேன். வானத்து மூலை சரியாக என் வயிற்றுக்கு நேரே வந்தது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே. ஆட்டமில்லை, அசைவில்லை.

இரண்டு மாதம் போட்டேன். காலையில் உட்கார்ந்தால் வெயில் ஜன்னலை விட்டுப் போகும்வரை. ஏறக்குறைய மூவாயிரம் குறி. அவளிடம் மூச்சு விடவில்லை. அவள் வந்து பார்ப்பாள், வானம் நிறைந்திருக்கும், யார் போட்டது என்று கேட்பாள், நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பேன். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

நீல நூல் தீர்ந்துபோய்க் கடைக்குப் போனேன். சரியான நீலம் வேண்டுமே என்று துணியை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நூல் கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி, படத்தைப் பெரிதாக்கி, ஓரமாக ஓட்டிப் பார்த்தாள்.

"இதை ரெண்டு பேர் போட்டாங்களா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"இந்த மூலை மட்டும் வேற மாதிரி மினுங்குது பாருங்க. பெருக்கல் குறியில மேல வர்ற கோடு எல்லாம் ஒரே பக்கம்தான் சாயணும். இங்க அத்தனையும் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு. போட்டவங்க துணியைப் பக்கவாட்டுல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. மேஜை, சுவர், ஃபிரிட்ஜ், நான். படம் எனக்குப் பக்கவாட்டில் கிடந்தது, நான் நேராக இருப்பதாக நினைத்து மூவாயிரம் குறியையும் கோணலாகப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டமாதிரி பளிச்சென்று தெரிந்தது. எப்படி இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை? பிரித்துவிட்டு மறுபடி போடலாம், அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வழக்கம்போல் அவளுடைய ஃபோன் வந்தது. மருந்து சாப்பிட்டீங்களா, கரண்ட் பில் கட்டிட்டீங்களா எல்லாம் முடிந்தது.

"மேல் வீட்டு நர்ஸு வியாழக்கிழமை இந்த ஊருக்கு வராங்களாமே?"

"ஆமா."

"அவங்ககிட்ட அந்தத் துணியைக் குடுத்து விட்டுடுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்தத் துணி?"

"அதாங்க, ஏரி. குழந்தை பகல்ல ரெண்டு மணி நேரம் தூங்குறான். சும்மாதானே இருக்கேன்."

"சட்டத்தோட எப்படி அவங்க தூக்கிட்டு வருவாங்க?"

"சட்டம் வேணாம். கழற்றிட்டு, மடிக்காம, சுருட்டி அனுப்புங்க. துணி மட்டும் போதும்."

அப்போது கேட்டிருக்க வேண்டும், அப்படியானால் நீ வரமாட்டாயா என்று. நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம். "சரி" என்றேன்.

அன்றைக்கே பிரிக்க உட்கார்ந்தேன். போடுவதைவிடப் பிரிப்பது நாய்ப்பாடு. மேல் கோட்டை நுனிக் கத்தரியால் வெட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், துணி இழை அறுந்துவிடக் கூடாது. ஓட்டையில் நீலப் பிசிறு மாட்டிக்கொண்டு வராது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். பாதிகூட முடியவில்லை. வியாழன் காலையில் நர்ஸ் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அஞ்சு நிமிஷம் இரும்மா" என்று சொல்லி நாலு நட்டையும் தளர்த்தினேன். மத்தளம் மாதிரி இருந்தது ஒரு நொடியில் தொளதொளவென்று தொங்கியது. துணியை உருளையோடு பிடித்திருந்த தையலைப் பிரித்து, மடிப்பு விழாமல் மெல்லச் சுருட்டினேன். நர்ஸ் என்ன நினைத்தாளோ, "நான் பத்திரமாக் கொண்டுபோய்க் குடுத்துடுறேன் சார்" என்றாள். அவள் போன பிறகு ஹாலில் நின்று அழுதேன். ஆம்பளை அழுதால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்?

ஞாயிறு பதினொரு மணி. ஃபோன் அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"துணி வந்துடுச்சுங்க" என்றாள். "வலது மூலையில யாரு கை வெச்சது?"

"நான்தான்."

"நீங்களா?" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அப்படிப் பேச்சு வந்ததோ தெரியவில்லை. முழங்கால், கறுத்த நகம், கிளாம்ப், ரப்பர் துண்டு, ஃபிரிட்ஜ், நூல் கடைக்காரம்மா ஒன்று விடாமல் கொட்டினேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

"ஐயோ, கிளாம்ப் போட்டீங்களா!" என்று சிரித்தாள். வாய்விட்ட சிரிப்பு. கேட்டு எத்தனை வருஷமாயிற்று! "நாலு நாளா உட்கார்ந்து பிரிச்சீங்களாக்கும்? சொல்லியிருந்தா நானே பிரிச்சிருக்க மாட்டேனா. மீதியை நேத்துப் பிரிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பின்னே? பளிச்சுனு தெரியுதே."

போகட்டும், தப்பு தப்புதானே. சிரித்தாள் இல்லையா, அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"நான் அங்க வரட்டுமா?"

"எதுக்குங்க?"

"சும்மாதான். நீ போடும்போது அந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன். மாப்பிள்ளை வீடு, அது இதுன்னு எல்லாம் பார்க்க மாட்டேன். ஒரு மூலையில இருந்துக்கிறேன்."

பேரன் எதையோ கீழே தள்ளும் சத்தம் கேட்டது. அவள் அவனை அதட்டவில்லை. எனக்குத்தான் பதில் சொன்னாள். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"ஸ்டாண்ட் வாங்கிட்டேங்க" என்றாள். "தரையில நிக்கிற மாதிரி. ஆள் பிடிக்க வேண்டியதில்லை."

"ஓ" என்றேன். "நல்லா இறுக்கமாப் பிடிக்குதா?"

"ம். அசையவே மாட்டேங்குது."