நடுவில் நிற்காத குரல்

...பால் காய்வதற்குள் பல் துலக்கிவிடலாம், துலக்கினான், அடுப்பை அணைத்தான், தேநீர் போட்டான், ஒரு குவளை, நின்றுகொண்டே குடித்தான், குவளையைக் கழுவிக் கவிழ்த்தான். துவைக்கும் எந்திரத்தில் ஓர் ஆளின் துணி பாதிகூட நிரம்பவில்லை, பரவாயில்லை, ஓடட்டும். ஜன்னலைத் திறந்தான். எதிர் மாடியில் யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், கையசைத்தார்கள், இவனும் கையசைத்தான். ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை இல்லை. மனைவி இறந்துபோனது மழைக்காலத்துக்கு முன்பு, இப்போது மழையும் முடிந்துவிட்டது, இவன் இன்னும் அழவில்லை என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள், இவனுக்கு அந்தக் கவலையும் இல்லை, பல் துலக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான்... முற்பகலில் அவளுடைய அக்கா வருகிறாள், துணிமணிகளை எடுத்துப்போக. அதுவரை என்ன செய்வது? ஸ்பீக்கர் இருக்கிறது.

கூடத்தின் இரு மூலைகளிலும் ஒவ்வொன்றாக நின்ற அந்த இரண்டு மரப்பெட்டிகளும் மலிவானவைதான், கடைக்காரரே சிரித்துக்கொண்டுதான் கட்டிக் கொடுத்தார், ஆனால் மலிவான பெட்டியிலும் நல்ல ஒலி ஒளிந்திருக்கிறது, கைவேலை தெரிந்தால் வெளியே இழுத்துவிடலாம் என்று இவன் நம்பினான், நம்பிச் செய்தான், கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் அதுதான் இருவருக்குமான வேலை. ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தால் தரை அதிராது. கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்தால் துரு போகும். முகப்புத் திருகுகளை ஒரு சுற்று இறுக்கினால் கரகரப்பு நிற்கும். எதிர்ச் சுவரில் பழைய போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், அவள் அதற்கு ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போட்டாள். இவன் இழுப்பான், திருப்புவான், அவள் சோபாவின் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வாள். ஒரே ஒரு பாடகி, பக்கவாத்தியம் எதுவும் இல்லாத பதிவு, அந்தக் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஆள் நிற்பதுபோல நிற்க வேண்டும், அதுதான் சோதனை. “இடது பக்கம் அதிகமா இருக்குங்க” என்பாள். இவன் வலது பெட்டியை முன்னால் இழுப்பான். “இன்னும்.” இடது பெட்டியின் பின்துளையில் ஒரு காலுறையைச் சுருட்டி அடைத்தான். “ம்... இப்ப நடுவுல வந்துடுச்சு.” ஆனால் இவன் போய் உட்கார்ந்தால் பாடகி வலது சுவரோரம் நின்று பாடுவாள்! அப்படியென்றால் என் இடது காது போய்விட்டது, வேறென்ன, நாள் முழுக்கப் பம்பு சோதனைக் கூடத்தில், ஓடுகிற மோட்டார்களுக்கு நடுவில் நிற்கிறவனின் காது. காது டாக்டரிடம் போனான், அவளும் கூட வந்தாள், அவர் இரண்டு காதும் பழுதில்லை என்றார், இவன் அவரை நம்பவில்லை, சோதித்த அவசரத்தைப் பார்த்தால் யார் நம்புவார்கள், கெஞ்சிக் கேட்டு ஒரு சொட்டு மருந்து எழுதி வாங்கிக்கொண்டான். கூட வேலை பார்க்கும் நண்பன், குரலும் வயிறும் பெரிது என்பதால், தடித்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரின் பெயரான வூஃபர்தான் அவனுக்கும் பெயர், ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, “என்னடா, பாடுறவங்க சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு நிக்குறாங்க, கால் வலியா?” என்றான். “உங்களுக்கும் காதுல அழுக்குதான், ரெண்டு பேரும் ஒரே கம்பெனிதானே” என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். மூவருமா? ஆமாம், அவளும்தான்.

“கதவு திறந்துதான் இருக்கு, வாங்கக்கா.” அக்கா இரண்டு பெரிய பைகளோடு வந்து, பைகளைக் கீழே போட்டு, போர்வைச் சுவரைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், தரையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்த இவனைப் பார்த்தாள். “இன்னும் இதை நோண்டிக்கிட்டுத்தான் இருக்கீங்களா தம்பி? அவ சொல்லுவா, எனக்குச் சக்களத்தி ஒருத்தி இல்லக்கா, ரெண்டு பேரு, மூலைக்கு ஒருத்தியா நிக்கிறாளுங்கன்னு.” அது அவள் சொல்லியிருக்கக்கூடியதுதான், இவனுக்குச் சிரிப்பு வந்தது, நெடுநாளைக்குப் பிறகு, கன்னம் இழுத்தது. அக்காவுக்கும் தைரியம் வந்திருக்க வேண்டும். “அதுவும் ரெண்டு எதுக்கு வாங்குனீங்க, அவளுக்கு ஒண்ணே போதுமே” என்றாள். ஏன் ஒன்று? கேட்டான். “அதான், அந்தப் பக்கம்...” என்று தன் வலது காதைத் தொட்டாள், தொட்ட கை அங்கேயே நின்றது. “தம்பி... அவ உங்ககிட்ட சொல்லலையா?” “என்ன சொல்லல?” “அய்யய்யோ.” சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். சின்ன வயசுல அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு தம்பி, அதுல வலது காது சுத்தமா போயிடுச்சு, மெஷின் வெச்சாலும் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க, பொண்ணு பார்க்க வந்தப்ப அப்பாதான், இப்ப வேணாம், கல்யாணம் முடியட்டும், அவளே பக்குவமா சொல்லிக்குவான்னாரு, நான் விடாம கேட்டேன், சொல்லிட்டியாடி, சொல்லிட்டியாடின்னு, சொல்லிட்டேன்க்கான்னா, அதுக்கு அவரு என்ன சொன்னாருன்னு கேட்டேன்... “என்ன சொன்னேனாம்?” “நீங்க சிரிச்சீங்கன்னா. இதுக்குப் போய் பயந்தியான்னு தலையில குட்டினீங்கன்னா.” வெளியே துவைக்கும் எந்திரம் துணியை உதறும் சத்தம். “துணி அந்த அலமாரியில இருக்குக்கா.” “கோவமா தம்பி?” “இல்லக்கா.” “திட்டணும்னா என்னைத் திட்டிடுங்க. அவ போயிட்டா, அப்பாவுக்கு நெஞ்சு சரியில்ல, மிச்சம் நான் ஒருத்திதான் இருக்கேன்.” இவன் திட்டவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வண்டி ஏற்றிவிட்டான், அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், இவன் அதற்கும் கையசைத்தான்.

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தான். சிரித்தானாம். தலையில் குட்டினானாம். யார் அவன், அவளுடைய கதையில் இருந்த அந்த நல்லவன், அவனிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? நான் குட்டியிருப்பேனா? தெரியாது, இனிமேல் எப்படித் தெரியும், தெரிந்துகொள்ளும் வழியையே அடைத்துவிட்டுப் போய்விட்டாள்... காது கேட்காததில் என்ன இருக்கிறது, ஆனால் சொட்டு மருந்து? ஒருக்களிச்சுப் படுங்க என்பாள், குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்குவாள், இவன் இடது காதில் விடுவாள், பஞ்சு வைப்பாள், கழுத்தில் வழிந்ததை விரலால் வழித்தெடுப்பாள், ஒன்றும் ஆகாத காது, ஒன்றும் ஆகவில்லை என்று அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், டாக்டரின் அறைவாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும், அப்போதாவது வாயைத் திறந்தாளா? அந்தக் கை நடுங்கியதா? யோசித்து யோசித்துப் பார்த்தான், நடுங்கவில்லை, நன்றாக நினைவிருக்கிறது, இதமான கை. கம்பெனியில் நுண்ணிய சத்தத்தைப் பிரித்தறியும் வேலையை, எனக்குக் காது மந்தம் சார் என்று இவனாகவே வேறொருவனுக்கு விட்டுக்கொடுத்தான், வீட்டுக்கு வந்து சொன்னபோது, “விடுங்க, வேலையா பெருசு” என்றாள். அடிப்பாவி. நடக்கும்போது எப்போதும் இவனுக்கு வலப்புறம், இவனுக்கு நெருக்கமாக அவளுடைய இடது தோள், ராணிக்கு வலது பக்கம்தான் வேணுமோ என்று கேலி செய்திருக்கிறான், பேருந்திலும் சாப்பாட்டுக் கடையிலும் அவள்தான் முதலில் இடம் பிடிப்பாள். சண்டை போட்டால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள், நல்ல காது தலையணைக்குள், இவன் அவள் முதுகைப் பார்த்து நெடுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான், என்னென்னவோ சொல்லியிருக்கிறான், அம்மா இறந்தபோதுகூடச் சொல்லாததை எல்லாம், காலையில் அவள் எப்போதும்போலப் பேசுவாள், மன்னித்துவிட்டாள் என்று இவன் நினைத்துக்கொள்வான். தலையணையிடம் பேசியிருக்கிறேன். வாழ்ந்த வாழ்க்கையில் எத்தனை அவளிடம் சொன்னவை, எத்தனை தலையணையிடம் சொன்னவை, எப்படிப் பிரிப்பது?

எழுந்தான். வலது பெட்டியைச் சுவர் வரை பின்னால் தள்ளினான், தரையில் பெட்டி இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. இடது பெட்டியின் துளையிலிருந்து காலுறையை உருவினான், தூசியும் பஞ்சுமாக வந்தது. ஒரு நூலை எடுத்துச் சோபாவின் நடுவிலிருந்து இரண்டு பெட்டிக்கும் அளந்து சமமாக வைத்தான், இரண்டையும் ஒரே சாய்வில் திருப்பினான். பாட்டைப் போட்டுவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தான். பாடகி நடுவில் நின்றாள். சுவரில் சாயவில்லை, அசையவில்லை, மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆள் நிற்பதுபோல நின்றாள். இத்தனை காலம் ஏங்கியது இதற்குத்தான், கிடைத்துவிட்டது, கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை. இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன, அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும், முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும், உனக்கு நான் யாருடி... அவளிடம் கடைசியாக நான் என்ன சொன்னேன்? சொன்னேன், நினைவிருக்கிறது. காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கி, பெரிய சுவாச எந்திரத்துக்கு மாற்றப்போகிறோம், பேசுவதென்றால் இப்போது பேசிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்ன பிறகு, கல்யாணமானதிலிருந்து வெளிச்சத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததை, கதைப்புத்தகத்தில் வருகிறவர்கள்தான் சொல்வார்கள் என்று வெட்கப்பட்டதை, நர்ஸுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் காதில் உதடு பட, குனிந்து, மெதுவாக, முழுவதையும் சொன்னான். எந்தக் காதில்? கட்டிலின் மறுபக்கம் சுவரும் எந்திரமும் இருந்தன. நாற்காலி போட இடமிருந்தது அவளுடைய வலது பக்கம் மட்டும்தான். அவள் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றி சுருங்கியது, ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கினாள், ஏதோ சொன்னாள், இவன் “அங்க இடமில்லம்மா, மெஷின் இருக்கு” என்றான், அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. பக்கத்துல வந்து உட்காருங்கன்னு சொன்னா என்று எல்லாரிடமும் சொன்னான், கேட்டவர்கள் அழுதார்கள், பொய் சொல்லவில்லை, அப்படித்தான் விளங்கியிருந்தது. ஆனால் உட்காருங்க என்று அவள் சொல்லவில்லை. பாட்டு முடிந்து பெட்டிகள் இரண்டும் சும்மா நின்றன, கூடத்தில் சத்தமே இல்லை, இவன் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக, அவள் குரலிலேயே, திரும்பக் கேட்டான்.

“இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”