வால்வில் மாட்டிய சட்டை

குழிக்குள் இறங்குகிறவன் தன் சட்டையைக் கழற்றி வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். நகராட்சிக் குழாய்ப் பிரிவில் இதுதான் சட்டம். எழுதி வைத்த சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. சிவப்பு அட்டையாம், பூட்டாம், கையெழுத்துப் புத்தகமாம். எல்லாம் ஆபீஸ் பீரோவுக்குள் சுகமாகத் தூங்குகிறது. பீரோ சாவி யாரிடம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால் சட்டைதான் பூட்டு. சட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், தண்ணீரைத் திறக்காதே. சட்டை இல்லையென்றால் ஆள் ஏறிவிட்டான், திற. மாட்டினவன்தான் எடுக்க வேண்டும், அடுத்தவன் கை படக் கூடாது. இத்தனை வருஷத்தில் பட்டதும் இல்லை.

பட்ட ஒரே கை மச்சானுடையது.

மச்சான் என்றால் குழாய் பொருத்துகிற பிட்டருக்கு மச்சான். பிட்டர் கட்டியிருப்பது இவருடைய ஒரே தங்கையை. அந்த உறவில் மேஸ்திரி முதல் லாரி டிரைவர் வரை எல்லாருக்குமே அவர் மச்சானாகிப் போனார். மண் வெட்டுவது, குழி வாசலில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. தங்கை புருஷன் குழிக்குள் இருந்தால் வாசலை விட்டு அசைய மாட்டார். அப்படிப்பட்ட பாசம். பாசம் கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அன்றைக்கு மருத்துவமனைக்கும் பிட்டர் வீட்டுப் பக்கத்துக்கும் போகிற பெரிய குழாயில் இணைப்பு விட்டுப்போய்த் தெருவே ஆறாக ஓடியது. வால்வுக்காரர் விடிந்ததுமே தெருமுனை வால்வை மூடிவிட்டு அடுத்த தெரு வேலைக்குப் போனார். முனையிலிருந்து பார்த்தால் குழி தெரியாது, நடுவில் ஒரு வளைவு. ஒன்றரை ஆள் ஆழத்துக்குத் தோண்டி முடித்த நேரத்தில் பிட்டர் மொடமொடவென்று புதுச் சட்டையில் வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டீங்களா?"

"இருங்க, உங்க தங்கச்சிகிட்ட போட்டுக் குடுக்கறேன். நாலு மணிக்குப் பாப்பா பள்ளிக்கூடத்துல மேடையேறிப் பாடுது. வீட்டுக்குப் போய் மாத்திட்டு வர நேரம் ஏது? நீங்க வாங்கிக் குடுத்த சட்டையிலதான் வரணும்னு மகாராணி உத்தரவு."

முனைக்குப் போய்ச் சட்டையை மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே இறங்கினார்.

பதினொரு மணிக்கு வானம் கறுத்தது. குழாய்க்கு ரப்பர் வளையம் எடுக்க மச்சான் முனையில் நின்ற வண்டிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து முதல் தூறல் விழுந்தது. சக்கரத்தில் சட்டை தொங்குகிறது. நனைந்தால் சாயங்காலம் மனுஷன் எதைப் போட்டுக்கொண்டு போவார்? மச்சானுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எடுத்தார், மடித்தார், பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் பையில் வைத்தார். மழை விட்டதும் மாட்டிவிடலாம், நான்தான் இங்கேயே இருக்கிறேனே என்று நினைத்தார். குழியிலிருந்து பிட்டர் கூப்பிட்டார். வளையத்தோடு ஓடினார். மழை கொட்டத் தொடங்கியது.

மருத்துவமனைத் தொட்டி காலி என்று மேஸ்திரிக்குப் போன் மேல் போன். மேஸ்திரி வால்வுக்காரரை விரட்டினார். வால்வுக்காரர் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து பார்த்தார். சக்கரம் மொட்டையாக இருந்தது. ஆள் ஏறிவிட்டான் என்று திறந்தார். பாவி மனுஷன், வழக்கப்படி சரியாகத்தான் செய்தார்.

குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. ஊறிப்போன மண்சுவர் ஒரு பக்கமாக அப்படியே சரிந்தது. மச்சான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். பிட்டரின் விரல்கள் பிடித்தன, வழுக்கின. வால்வை மறுபடி மூடி, மண்ணை அள்ளி, ஆளை வெளியே எடுக்க அரைமணி நேரமானது. உயிர் இல்லை.

எஞ்சினியர் அங்கேயே விசாரித்தார்.

"சட்டை இல்லை சார். சத்தியமா இல்லை," என்றார் வால்வுக்காரர்.

"நீ பாத்தியாய்யா?" என்று எஞ்சினியர் மச்சானிடம் திரும்பினார்.

"மாப்பிள்ளை மாட்டினதை நான் பாத்தேன் சார்."

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்த உண்மையை வைத்தே வால்வுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சட்டையை அவரே எடுத்து வீசிவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று ஊர் பேசியது. போலீசும் கூப்பிட்டது. ஒரு வாரம் கழித்து மச்சான் சாட்சி சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் வால்வுக்காரர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். ஷேவ் செய்யாத முகம், கையில் செருப்பு.

"என் பிள்ளைங்க மேல ஆணை தாயி. சட்டை அங்க இல்லவே இல்லை."

"வாசல்ல கால் வைக்காதீங்க," என்று கத்தினாள் தங்கை. "அந்த மனுஷனைக் கொன்னுட்டு எவ்வளவு தைரியம் இருந்தா இங்க வருவீங்க? அண்ணே, இவரை வெளியே போகச் சொல்லு!"

மச்சான் பின்கட்டில் இருந்தார். நாலு நாளாகப் பையும் கையுமாகத்தான் திரிகிறார். கவரைப் பிரித்தார். சட்டையில் தங்கை போட்ட இஸ்திரி அப்படியே நின்றது. குழாயடிக்குக் கொண்டுபோனார். நனைத்துக் கசக்கி, சேற்றில் புரட்டி, காற்றில் பறந்துபோய்ச் சாக்கடை ஓரம் கிடந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. குழாயைத் திறந்தார். அந்தப் புது இணைப்பு வழியாக வரும் தண்ணீர்தான், கொட்டு கொட்டென்று கொட்டியது. சட்டையை நீட்ட நீட்டக் கை பின்னுக்கே வந்தது. பாடுபட்டு ஒரு துளி விழாமல் காப்பாற்றிய சட்டை. அவரால் முடியவில்லை. வாய்விட்டு அழுதார்.

பிறகு கூடத்துக்கு வந்து அதைக் கவரோடு தங்கை மடியில் வைத்தார்.

அவள் கை மடிப்பின்மேல் ஒருமுறை போனது. நின்றது.

"இஸ்திரி கலையவே இல்லையே. அன்னைக்கு அந்த மழை பெஞ்சுதே... இது எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"எப்பலேருந்து?"

"தூறல் விழுந்ததுலேருந்து."

"அப்ப அவர் உள்ள இருந்தாரா?"

"இருந்தார்மா."

"தெரிஞ்சும் ஏன் எடுத்தே?"

"நனைஞ்சிடுமேன்னு எடுத்தேன்."

தங்கை அழவில்லை. எழுந்து, வால்வுக்காரர் இன்னும் நின்றிருந்த வாசலுக்குப் போனாள்.

"உள்ள வாங்கண்ணே. வந்து உக்காருங்க. பாப்பா, பெரியப்பாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா."

வால்வுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சான் எஞ்சினியரிடம் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சட்டையை எடுத்து, பிரிந்திருந்த கவரிலேயே திரும்பச் சுற்றி, அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இதை நீயே கொண்டு போ. நனையாம பாத்துக்கோ."